வேலை விட்டது, போன் விடவில்லை: ‘ரைட் டு டிஸ்கனெக்ட்’டுக்குத் தமிழ் என்ன?

போன மாதம் ஒரு சனிக்கிழமை, இரவு ஒன்பதே முக்கால். கடைசித் தோசை கல்லில் வெந்துகொண்டிருந்தபோது போனில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. கூடவே ஒரு குரல் செய்தி: “சார், சின்ன டாக்குமெண்ட்தான். மண்டே காலையில தந்துட்டா போதும்.” நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். நிறுவனங்களின் விதிமுறைகளைத் தமிழாக்கித் தருவதில்தான் பாதிப் பிழைப்பு ஓடுகிறது. கோப்பைத் திறந்தேன். வேலை நேரம் முடிந்த பிறகு ஊழியர்களைத் தொந்தரவு செய்வது பற்றிய நிறுவனக் கொள்கை அது. தலைப்பு, ‘ரைட் டு டிஸ்கனெக்ட்’. தோசை கருகிவிட்டது.

பொருள் ஒன்றும் கடினமில்லை. வேலை நேரம் முடிந்த பிறகு வரும் அலுவலக அழைப்பையும் மின்னஞ்சலையும் வாட்ஸ்அப் செய்தியையும் ஊழியர் கண்டுகொள்ளாமல் இருக்கலாம். இருந்தார் என்பதற்காக மெமோ கொடுப்பதோ இன்கிரிமெண்டில் கைவைப்பதோ கூடாது. ஆனால் இதற்கு ஒரு தமிழ்ச் சொல் வைக்கப்போனபோதுதான் ஒன்று உறைத்தது. இதில் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த ஆங்கிலப் பெயர் சொல்லவே இல்லை.

பெயர் பிறந்த இடம் பிரான்ஸ். பிரெஞ்சில் ‘த்ருவா அ லா தெகோனெக்ஸியோன்’. சட்டத்துக்கு முன்னால் ஒரு வழக்கு இருக்கிறது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர், வேலை நேரத்துக்கு வெளியே தன் சொந்தக் கைபேசியில் வந்த அழைப்பை எடுக்காததால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வழக்கு நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. எடுக்காதது ஒழுங்கீனம் ஆகாது என்று 2004 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கே அப்படி என்றால், பவர்பாயிண்ட் போடுபவருக்கு என்ன அவசரம் என்று கேட்கத் தோன்றும். 2016 ஆகஸ்டில், மிரியம் எல் கொம்ரி தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது வந்த தொழிலாளர் சட்டத்தில் இந்தப் பெயர் முறைப்படி ஏறியது. 2017 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஐம்பது பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் இதைப் பற்றித் தொழிற்சங்கத்தோடு பேச வேண்டும், உடன்பாடு வராவிட்டால் தாங்களே ஒரு சாசனம் எழுதி வைக்க வேண்டும். ‘இத்தனை மணிக்கு மேல் அழைக்காதே’ என்று ஒரு வரி அதில் கிடையாது.

சொல்லின் வேர் லத்தீன். ‘நெக்தெரே’ என்றால் முடிச்சுப் போடுவது, கட்டுவது. ‘கோன்’ சேர்ந்தால் ஒன்றாகக் கட்டுவது. முன்னால் ‘டிஸ்’ வந்தால் அந்தக் கட்டை அவிழ்ப்பது. மின்கம்பியும் தொலைபேசியும் வந்த பிறகு, கட்டு என்பது கம்பியாகி, அவிழ்ப்பு என்பது பிளக்கைப் பிடுங்குவதாகிவிட்டது. இன்றைய ‘டிஸ்கனெக்ட்’டில் கேட்பது கயிறு அல்ல, அந்த பிளக்.

தமிழில் செய்தி எழுதுகிறவர்களும் அந்த பிளக்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ‘துண்டிக்கும் உரிமை’, ‘தொடர்பைத் துண்டிக்கும் உரிமை’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இது ஒட்டவே இல்லை. துண்டிப்பு என்ற சொல்லை நாம் எங்கே பார்க்கிறோம்? கரண்ட் பில் கட்டாத வீட்டில் மின் இணைப்பு துண்டிப்பு. வரி பாக்கி என்றால் குடிநீர் இணைப்பு துண்டிப்பு. வெள்ளத்தில் பாலம் போய்க் கிராமம் துண்டிப்பு. ஒன்று தண்டனை, இல்லாவிட்டால் விபத்து. துண்டிக்கிற அதிகாரமும் எப்போதும் ஆபீஸ் கையில்தான். ‘துண்டிக்கும் உரிமை’ என்று தனியாக ஒரு பலகையில் எழுதி வைத்தால், மின்வாரிய உதவிப் பொறியாளரின் அதிகாரம் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. துண்டு, துண்டம், துண்டி எல்லாம் ஒரு குடும்பம். பக்கத்து வீடு ‘துணி’. துணிதல் என்றால் பழைய தமிழில் அறுபடுதல், முடிவெடுத்தல், தயங்காமல் இறங்குதல் என்று மூன்று பொருளும் உண்டு. உள்ளே இழுபட்டுக்கொண்டிருந்தது அறுந்தால்தானே முடிவு வரும். இரவு பத்து மணிக்கு மேனேஜர் பெயர் திரையில் மின்னும்போது போனைக் கவிழ்த்து வைக்கிறவருக்கு வேண்டியது இந்த மூன்றாவது பொருள்.

சரி, துண்டிப்பு வேண்டாம் என்றால் வேறு என்ன? ‘பணி’யை வைத்துக் கட்டலாம் என்று பார்த்தால் வழியெல்லாம் முள். பணி ஓய்வு என்றால் ரிட்டயர்மெண்ட். பணி விலகல் என்றால் ராஜினாமா. பணி விடுவிப்பு என்றால் பழைய இடத்தில் கணக்கு முடித்து அனுப்புவது. பணி நீக்கம் சொல்லவே வேண்டாம். எதை எடுத்தாலும் ஆள் வீட்டுக்குப் போய்விடுகிறார், திரும்பி வருவதே இல்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வரப்போகிற ஒருவரை, ராத்திரி மட்டும் விட்டுவிடு என்று சொல்ல அலுவலகத் தமிழில் ஒரு சொல் இல்லை.

‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்பதை யோசித்தேன். நெட்வொர்க் கிடைக்காதபோது பதிவுக் குரல் ஒன்று சொல்லுமே, அதே வாடை. அழகான தொடர்தான். ஆனால் டவர் இல்லாததால் வெளியே இருப்பதற்கும், டவர் நான்கு புள்ளி காட்டும்போது வெளியே இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

அப்புறம் வந்தது ‘தொடர்பறு உரிமை’. இதில் ஒரு வசதி இருக்கிறது. ‘அறு’ தமிழில் இரண்டு வகையாக நடக்கும். நூலை அறுத்தான் என்றால் ஒருவன் செய்தது. பற்று அற்றது என்றால் தானாக ஓய்ந்தது. ‘தொடர்பறு’ என்று வினைத்தொகையாக நிற்கும்போது, அறுத்த தொடர்பா, அற்ற தொடர்பா என்று தெரியாது. ஊறுகாயில் ஊறியதா, ஊறுகிறதா, ஊறப்போகிறதா என்று தெரியாததுபோல இதிலும் மூடி போட்டிருக்கிறது. ஊழியர் ஒன்றையும் வெட்டவில்லை, ஷிப்ட் முடிந்ததும் தொடர்பு தானாக அற்றது என்று படிக்கவும் இடம் இருக்கிறது. சட்ட நூலில் போட இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. பேச்சில் யாரும் சொல்ல மாட்டார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பேச்சில் என்ன சொல்வார்கள் என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மில் தொழிலாளி ஒருவர் இருக்கிறார். அவர் கதை சொல்லும்போதெல்லாம் “மில்லு விட்டதும் நேரா கடைக்குப் போயிடுவோம்” என்பார். மில் விட்டது, பள்ளிக்கூடம் விட்டாச்சு, ஆபீஸ் விட்டு வரும்போது காய்கறி வாங்கி வா. கவனியுங்கள், மில் விட்டது என்பதில் எழுவாய் தொழிலாளி அல்ல, மில். அதுதான் பிடித்து வைத்திருந்தது, அதுதான் விடுகிறது. கோவையிலும் மதுரையிலும் மில் சங்கு ஊதினால் ஊருக்கே கேட்கும். சங்கு ஊதிய பிறகு தொழிலாளி யாரிடமும் அனுமதி கேட்டு வெளியே வரவில்லை.

இதே ‘விடு’வில் ஓர் உருபு சேர்ந்தால் கதை மாறிவிடும். வேலை விட்டாச்சு என்றால் இன்றைக்கு முடிந்தது. வேலையை விட்டாச்சு என்றால் சம்பளமே முடிந்தது. நடுவில் இருப்பது ஓர் ‘ஐ’ மட்டும். இரவு பத்தரைக்கு “பார்த்தீங்களா?” என்று குரூப்பில் செய்தி வந்ததும், படித்துவிட்டது தெரியாமலிருக்க நீல டிக்கை அணைத்து வைத்திருக்கும் பையன் பயப்படுவது அந்த இரண்டாம் வேற்றுமைக்குத்தான்.

மில் சங்கு போன்ற ஒன்றை மின்னஞ்சலுக்குச் செய்து பார்த்தவர்கள் ஜெர்மானியர்கள். 2011இன் கடைசியில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், ஊழியர் மன்றத்தோடு பேசி முடிவுசெய்து, ஒரு பகுதி ஊழியர்களின் பிளாக்பெரி கைபேசிக்கு ஷிப்ட் முடிந்து அரை மணி நேரத்தில் மின்னஞ்சல் போவதை சர்வரிலேயே நிறுத்தியது. மறுநாள் ஷிப்ட் தொடங்க அரை மணி முன்னால்தான் மறுபடி திறக்கும். இன்னொரு கார் நிறுவனமான டைம்லர் இன்னும் ஒரு படி மேலே போய், விடுமுறையில் இருப்பவருக்கு வரும் அஞ்சல் தானாக அழிந்துபோகும்படி, விரும்புகிற ஊழியர்களுக்கு ஏற்பாடு செய்து கொடுத்தது. அனுப்பியவருக்கு மாற்று ஆளின் முகவரி போய்விடும். இங்கே ஊழியர் எதையும் ‘டிஸ்கனெக்ட்’ செய்யவில்லை. சர்வர் விட்டது, அவ்வளவுதான்.

சட்டங்களிலும் இந்த எழுவாய்ச் சண்டைதான். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, ஊழியர் செய்தியைக் கவனிக்கவோ படிக்கவோ பதில் சொல்லவோ மறுக்கலாம். மறுப்பு நியாயமற்றதாக மட்டும் இருக்கக் கூடாது. மேலதிகாரி அழைப்பதற்குத் தடை இல்லை. அதாவது அழைப்பு வரும், மணி அடிக்கும், மறுக்கிற வேலை உங்களுடையது. போர்ச்சுகல் 2021இன் இறுதியில் கொண்டுவந்து 2022 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் நேர் எதிர். அதில் உரிமை என்றே தொடங்கவில்லை. ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை என்கிறது, தவிர்க்கவே முடியாத நெருக்கடிகள் நீங்கலாக. மீறினால் அது கடும் விதிமீறல். என் ஓட்டு போர்ச்சுகலுக்கு.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி கிடக்கிறது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்ததே, துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர்களுக்காக. பேச்சில் அதை உட்காரும் உரிமை என்கிறோம். ஆனால் திருத்தம் பேசுவது கடைக்காரரிடம்: இருக்கை போடு. நாற்காலியே இல்லாத கடையில் உட்காரும் உரிமையை வைத்துக்கொண்டு தரையிலா உட்கார முடியும்?

இந்தியாவில் தொடர்பறு உரிமைக்குச் சட்டம் இல்லை. மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலே 2018 டிசம்பரில் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) கொண்டுவந்தார், 2025 டிசம்பரில் மறுபடி கொண்டுவந்தார். 1970க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் நாடாளுமன்றத்தில் சட்டமானதில்லை என்பதால், அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

‘வேலை நேரத்துக்கு வெளியே’ என்ற தொடரிலும் ஒரு சிக்கல் உண்டு. அமெரிக்க வாடிக்கையாளருக்காக வேலை செய்யும் சென்னைப் பெண்ணுக்கு மாலை ஆறு மணி என்பது வேலை தொடங்கும் நேரம். அவருக்குக் காலை பத்து மணிதான் நடு இரவு. அதனால் கடிகாரத்தை வைத்து எழுதாமல், ‘ஷிப்ட் விட்ட பிறகு’ என்று எழுதுவதே சரி. புயல் இரவில் லைன்மேனையும், அவசர சிகிச்சைப் பிரிவில் ஆன்-கால் இருக்கும் டாக்டரையும் அழைக்கத்தான் வேண்டும். அவர்களுக்கு அந்த ராத்திரியே டியூட்டி, பட்டியலில் பெயர் இருக்கும். தொல்லை அங்கே இல்லை. “அவசரம் இல்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்” என்று ராத்திரி பதினொன்றுக்கு வருகிற செய்தியில்தான் இருக்கிறது. நாளைக்குப் பார்த்தால் போதும் என்றால் நாளைக்கு அனுப்பியிருக்கலாமே. மின்னஞ்சலில் நேரம் குறித்து அனுப்பும் பொத்தானும் இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

திங்கள் காலை பத்து மணிக்குக் கோப்பை முடித்து அனுப்பினேன். தலைப்பு: ‘தொடர்பறு உரிமை’. அதன் கீழே, எல்லோருக்கும் புரியட்டும் என்று ஒரு வரி சேர்த்திருந்தேன்: ‘வேலை விட்ட பிறகு நிறுவனம் ஊழியரை அழைக்காது.’ மதியம் திரும்பி வந்தது. தலைப்பு பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்த வரி மட்டும் சிவப்பில் அடிபட்டிருந்தது, பக்கத்தில் ஒரு குறிப்பு: “இது மூலத்தில் இல்லையே சார்?”

போய்ப் பார்த்தேன். உண்மைதான், மூலத்தில் இல்லை.