ஓவனில் வைக்கும் முன் ஒரு நிமிஷம்

மறுபடியும் அதே கதை. மாலிகுலர் சீவ் என்பது சால்வென்டில் (கரைப்பானில்) இருக்கும் தண்ணீரை உறிஞ்சப் போடும் மணி; நுண்துளைகள் கொண்ட ஜியோலைட் என்ற கனிமத்தால் ஆனது. மறுபடி பயன்படுத்த ஓவனில் சூடாக்குவோம். மெத்தனாலில் கிடந்த 4ஏ மாலிகுலர் சீவ் மணிகளை வடித்து, டிஷ்யூவில் ஒற்றி, காய்ந்துவிட்டது என்று நேராக ஓவனுக்குள் வைத்துவிட்டார் ஓர் ஆராய்ச்சி மாணவர். கதவைத் திறந்தால் மெத்தனால் நெடி! காற்றில் அந்த ஆவி 6 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும்.

கேட்டால் எல்லாரும் சொல்வது, "உள்ளே தண்ணீர் மட்டும்தானே சார் போகும்?" இல்லை. 4ஏ ஜியோலைட்டின் துளை வாசல் சுமார் 4 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்). மெத்தனால் அதைவிடச் சிறியது, தாராளமாக நுழையும். எத்தனால் கணக்குப்படி கொஞ்சம் பெரியது; ஆனாலும் போகும். மூலக்கூறு விறைப்பானதல்ல, ஜியோலைட்டின் சட்டகமும் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. போனது சும்மா கிடப்பதும் இல்லை. உள்ளே இருக்கும் சோடியம் அயனிகள் ஆல்கஹாலின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கின்றன. அதன் ஹைட்ரஜன் சட்டகத்து ஆக்சிஜனோடு பிணைகிறது. மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும் என்பது பாட்டிலில் இருக்கும் திரவத்துக்குத்தான். இப்படிப் பிடிபட்டது 100 டிகிரியைத் தாண்டியும் வந்துகொண்டே இருக்கும். இதைத் துடைத்து எடுக்க எந்த டிஷ்யூவாலும் முடியாது.

ஆல்கஹாலை உலர்த்த 3ஏ வகை மணி வாங்குங்கள். சோடியத்தின் இடத்தில் பெரிய பொட்டாசியம் உட்கார்ந்து வாசலைக் குறுக்கிவிடும். காய்ச்சி வடித்தல் 95.6 சதவீதத்தோடு நின்றுவிடும் எத்தனால் ஆலைகளில் மீதித் தண்ணீரை எடுப்பதும் இதுதான். ஆனால் 3ஏ மணியிலும் மணியை ஒட்டிப் பிடிக்கும் பைண்டர் களிமண்ணின் இடுக்குகளில் சால்வென்ட் தங்கும். எனவே இனிச் சொல்வது அதற்கும்தான்.

வடித்த மணிகளை ஃப்யூம் ஹூடில் (ஆவியை வெளியே இழுக்கும் ஆய்வக அடைப்பில்) பரப்பி வையுங்கள். அப்புறம் நிறையத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சூடாகும், பயப்பட வேண்டாம். தண்ணீர் இன்னும் வலுவாக ஒட்டுவதால் ஆல்கஹாலை வெளியே தள்ளிவிடும். குப்பைக்கூடையில் கொட்டினால் காற்றின் ஈரமே இந்த வேலையைச் செய்து கூடையை ஆவியால் நிரப்பும். கழுவிய தண்ணீரும் சால்வென்ட் கழிவுதான், சிங்க்கில் ஊற்றாதீர்கள். மணிகள் நன்றாக உலர்ந்த பிறகே ஓவனில் 250–300 டிகிரி. 110 டிகிரி ஓவனில் ராத்திரி முழுக்க வைத்தாலும் போதாது.

சூடாக்கி எடுத்த மணிகளை ஆறவிடாமல் சால்வென்டில் போடாதீர்கள். ஆறிய 4ஏ மணியில் மெத்தனாலை ஊற்றினாலே கொதிக்கும் அளவுக்குச் சூடேறலாம். உடனே மூடியை இறுக்கினால் பாட்டில் தாங்காது. அசிட்டோனையும் நாள்கணக்கில் இந்த மணிகளோடு விடாதீர்கள், தனக்குள்ளேயே வினைபுரிந்து டைஅசிட்டோன் ஆல்கஹாலாக மாறும்.

தயவுசெய்து பழைய மணி பாட்டிலில் எந்த சால்வென்டில் கிடந்தது என்று எழுதி ஒட்டுங்கள். எழுதாத பாட்டிலை ஓவன் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.