அம்மாவை 'செட் ஆஃப்' செய்யாதீர்கள்

'வீ செட் அவர்செல்வ்ஸ் ஆஃப் டு பீட்டர்ஸ்பர்க்.' ரஷ்ய மொழி பேசுகிறவர்களை ஆங்கிலத்தில் பயணக் கட்டுரை எழுதச் சொன்னால் முதல் வரியிலேயே இது வந்து நிற்கிறது. 'செட் ஆஃப்' என்றால் கிளம்புவது. ரஷ்ய மொழியில் புறப்படுவதற்கு 'அத்ப்ராவித்ஸா' என்று ஒரு வினை உண்டு. அதன் வாலில் ஒட்டியிருக்கும், 'தன்னைத்தானே' என்று பொருள்தரும் தற்சுட்டு விகுதிதான் இங்கே 'அவர்செல்வ்ஸ்' ஆகிறது. வெட்டுங்கள். 'டு' போய் 'ஃபார்' வரட்டும்: 'வீ செட் ஆஃப் ஃபார் பீட்டர்ஸ்பர்க்'. வீட்டுக்குக் கிளம்பினால் அதுவும் வேண்டாம், 'செட் ஆஃப் ஹோம்' போதும். 'செட்டட்' என்று எழுதுகிறவர்களுக்கு: செட், செட், செட். அவ்வளவுதான்.

இதைவிட எரிச்சலூட்டுவது ரஷ்ய வினைகளின் முன்னால் ஒட்டும் முன்னொட்டுகளின் பட்டியல். 'வி' என்றால் அவுட், 'உ' என்றால் அவே, 'அத்' என்றால் ஆஃப் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். காலை ஆறு மணிக்குக் காரில் கிளம்பியதை ரஷ்யர் 'வியெஹலி' என்பார். பட்டியல்படி அது 'வீ வென்ட் அவுட் அட் சிக்ஸ்' ஆகும். கேட்கிற ஆங்கிலேயருக்கோ நீங்கள் எங்கேயோ வெளியே போய் வந்தீர்கள் என்றுதான் தோன்றும். அங்கே வேண்டியது 'செட் ஆஃப்'. 'பொ' முன்னொட்டோடு வரும், 'கிளம்பினோம்' என்கிற 'பயேஹலி'க்கும் அதே 'செட் ஆஃப்'தான். ரயில் நகரத் தொடங்கியதைச் சொல்லும் 'த்ரோனுல்ஸ்யா'வில் முன்னொட்டே கிடையாது, ஆனால் ஆங்கிலத்தில் ரயில் 'புல்ஸ் அவுட்'. ஓரத்தில் நின்ற கார் நகர்ந்தால் 'புல்ஸ் அவே'. இத்தனைக்குப் பிறகும் பட்டியலை நம்புவீர்களா? (நடந்து போவதா, வண்டியில் போவதா என்ற கவலையும் வேண்டாம். ரஷ்ய மொழி அதற்குத் தனித்தனி வினை கேட்கும். 'செட் ஆஃப்' கேட்காது.)

'செட் அவுட்' கொஞ்சம் நீண்ட பயணத்துக்கு, நோக்கத்தோடு போவதற்கு. ரொட்டி வாங்கக் கடைக்குப் போகிறவர் 'செட் அவுட்' செய்தால் ஏதோ துருவப் பயணம் போலிருக்கும்.

'ஐ செட் ஆஃப் மை மதர் அட் த ஸ்டேஷன்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். செயப்படுபொருளோடு வரும்போது 'செட் ஆஃப்' என்பது வெடி வெடிக்கவும் அலாரம் அலறவும் வைக்கிற வினை. வழியனுப்புவது 'ஸீ ஆஃப்'. பெயருக்குப் பதில் 'ஹெர்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'சா ஹெர் ஆஃப்'.

விடைபெறும்போது ரஷ்யர் 'நூ, யா பஷோல்' ('சரி, நான் போனேன்') என்பார். வடிவம் இறந்தகாலம், ஆள் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். பாதி வழியில் இருந்துகொண்டே 'இதோ வந்துட்டேன்' என்கிற நமக்கு இது புரியும். ஆனால் ஆங்கிலத்தில் 'ஐ வென்ட்' என்றால் போய்விட்டதாகவே அர்த்தம்; 'ஐம் ஆஃப்' என்று சொல்லவேண்டும். 1961 ஏப்ரல் 12 அன்று வஸ்தோக் 1 விண்கலம் கிளம்பும்போது, விண்வெளிக்கு முதலில் போன மனிதரான ககாரின் சொன்ன 'பயேஹலி'யும் வடிவத்தில் இறந்தகாலம்தான். 'வீ வென்ட்' என்று அதை மொழிபெயர்த்தால் ராக்கெட் ஏற்கெனவே போய்விட்டது. 'ஆஃப் வீ கோ' என்றால்தான் சரி.

ஆசிரியர்களுக்கு ஒன்று. சொல்லின் கடைசியில் வரும் 'வ்' ஒலியை ரஷ்யர்கள் 'ஃப்' ஆக்கிவிடுவார்கள். அதனால் 'உடைய' என்று பொருள்தரும் 'ஆவ்', நம் 'ஆஃப்' இரண்டும் ஒன்றாகக் கேட்கும், எழுத்திலும் குழம்பும். 'செட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல் விழுகிறதா என்று கேளுங்கள். தனிச் சொல்லாக எழுதிக்கொடுக்காமல் நேரமும் ஊரும் சேர்ந்த முழு வாக்கியமாகவே நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள்: 'வீ செட் ஆஃப் ஃபார் கஸான் அட் சிக்ஸ்.'