எச்.ஐ.வி. பரிசோதனைத் தாளை எப்படி வாசிப்பது?

யாழ்ப்பாணத்தில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பவர்களில் பலர் அந்த நோயை நினைத்து வருவதில்லை. கர்ப்பிணிச் சிகிச்சை நிலையத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். வெளிநாட்டு விசாவுக்கு மருத்துவச் சான்று தேவைப்பட்டிருக்கும். அல்லது கனடா மாப்பிள்ளை வீட்டார் சாதகப் பொருத்தம் போதாதென்று இரத்தப் பொருத்தமும் கேட்டிருப்பார்கள். எப்போதாவது ஒருவர் தனியே வந்து, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "போன கிழமை நடந்தது இதில் தெரியவருமா, அண்ணை?"

தெரியவராது. மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நான் இதை எத்தனை பேரிடம் சொன்னாலும், "இல்லை" என்று அச்சிட்ட தாள் கைக்கு வந்ததும் அவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தாள் எதைப் பார்த்து "இல்லை" என்கிறது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

விரல் நுனியில் ஒரு துளி எடுத்துச் செய்யும் விரைவுப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை வைரசைத் தேடுவதே இல்லை. வைரசைக் கண்டு உடல் உருவாக்கிய பிறபொருளெதிரிகளையே தேடுகின்றன. உடல் அவற்றைப் போதுமான அளவில் உருவாக்கப் பெரும்பாலும் மூன்று, நான்கு கிழமைகள் ஆகும். சிலருக்கு இன்னும் பிந்தும். எனவே இந்த வகைச் சோதனையின் "இல்லை" உறுதியாவதற்கு 90 நாட்கள் கடந்திருக்க வேண்டும். நாளத்தில் எடுத்த குருதியில் பிறபொருளெதிரியோடு வைரசின் பி24 புரதத்தையும் சேர்த்துத் தேடும் நான்காம் தலைமுறைச் சோதனைக்கு 45 நாட்கள் போதும். வைரசின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.யை நேரடியாகத் தேடினால் பத்து நாட்களுக்குப் பிறகு அகப்படத் தொடங்கலாம். அதற்கு முந்திய நாட்களில் எந்தச் சோதனைக்கும் அது எட்டாது. ஆகவே தாளைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை இரண்டு: எந்த வகைச் சோதனை? சம்பவம் நடந்து எத்தனை நாள்?

அந்த நாட்களில் உள்ளே நடப்பதை ஆய்வுகூடங்கள் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகத் துருவி வருகின்றன. 1983இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசியும் லுக் மொன்தாஞ்ஞியேயும் அவர்களுடைய குழுவினரும் இந்த வைரசைப் பிரித்தெடுத்தார்கள். அது, நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனத் தொகுதியின் உதவி டி கலங்களில் உள்ள சி.டி.4 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு நுழைகிறது என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது. சி.சி.ஆர்.5 என்ற இரண்டாவது பிடியும் அதற்குத் தேவை என்பது 1996இல் தெளிவானது. நுழைந்ததும் தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் படியெடுத்து, நம் கலத்தின் நிறமூர்த்தத்துக்குள்ளேயே அதைச் செருகிவிடுகிறது. பிறபொருளெதிரி செய்யும் கலங்களுக்கும், தொற்றிய கலங்களைக் கொல்லும் கலங்களுக்கும் துணைநிற்பவை இந்த சி.டி.4 கலங்கள்தாம். தன்னை எதிர்க்கும் படையை ஒருங்கிணைப்பவர்களிடமே வைரஸ் குடியேறுகிறது.

முதல் கிழமைகளில் மிகப் பெரிய இழப்பு குடலைச் சூழ்ந்த நிணநீர்த் திசுவில் நடக்கிறது. கையில் எடுக்கும் குருதியில் அதன் அளவு சரியாகத் தெரிவதில்லை. அமெரிக்காவின் கிளாட்ஸ்டன் நிறுவன ஆய்வாளர்கள் மனித டான்சில், மண்ணீரல் திசுக்களில் சோதித்து 2014இல் வெளியிட்ட முடிவு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. அங்கே இறந்த சி.டி.4 கலங்களில் மிகப் பெரும்பாலானவை வைரசைப் பெருக்கிக்கொண்டிருந்தவை அல்ல. வைரஸ் நுழைந்து, படியெடுப்பு பாதியில் நின்றுபோன கலங்கள் அவை. அரைகுறை டி.என்.ஏ.யை உணர்ந்த கலம் அழற்சியைக் கிளப்பியபடி தானே வெடித்து மடிகிறது. பாதுகாப்பதற்கென்று இருக்கும் எச்சரிக்கை ஏற்பாடே அழிவின் பெரும்பகுதிக்குக் காரணமாகிவிடுகிறது.

தொற்றி இரண்டு முதல் நான்கு கிழமைகளுக்குள் பலருக்குக் காய்ச்சல், தொண்டை நோ, தோலில் தடிப்பு, கழுத்தில் நெறி வரும். எங்கள் ஊரில் அதை டெங்கு என்றோ பருவக் காய்ச்சல் என்றோ நினைத்துக்கொள்வார்கள். பிறகு கொல் டி கலங்கள் பெருகி வைரசின் அளவை இறக்குகின்றன, காய்ச்சல் தானாக விடுகிறது, சி.டி.4 எண்ணிக்கையும் ஓரளவு மீள்கிறது. அதன்பின் சிகிச்சை எதுவும் இல்லாமலே பல ஆண்டுகள் நோய்க்குறி இன்றிக் கழியலாம். இந்த நேரத்தில் யார் எந்தக் கஷாயத்தைக் கொடுத்தாலும் அது "வேலை செய்யும்". எச்.ஐ.வி.யைக் குணப்படுத்தியதாகச் சொல்பவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நான் நினைக்கவில்லை. உடல் தற்காலிகமாகப் பெற்ற வெற்றியைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. நோயாளிக்கு விளையும் கேடு என்னவோ ஒன்றுதான்.

பிறபொருளெதிரி வந்துவிட்டால் வைரஸ் ஏன் ஒழிவதில்லை? வைரசின் ஆர்.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதி பிழைவிட்டுக்கொண்டே இருப்பதால் வைரஸ் மாறிக்கொண்டே போகிறது. வைரசின் வெளிப்புரதம் சர்க்கரை மூலக்கூறுகளால் போர்த்தப்பட்டிருக்கிறது. இன்றைய பிறபொருளெதிரி நேற்றைய வைரசுக்கே பொருந்தும். தடுப்பூசி முயற்சிகள் தடுமாறுவதற்கும் இது ஒரு காரணம். தாய்லாந்தில் 16,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்று 2009இல் முடிவு வெளியான சோதனையில் கிடைத்த பாதுகாப்பு சுமார் 31 சதவீதம்தான். நம்மைக் காக்க உதவாத அதே பிறபொருளெதிரிதான் ஆய்வுகூடத்தில் நமக்குச் சாட்சி. தொற்றுள்ள தாயின் பிறபொருளெதிரி குழந்தைக்கும் கடந்து 18 மாதம்வரை நிற்கக்கூடும் என்பதால், சிசுவுக்கு வைரசின் மரபுப்பொருளைத் தேடும் சோதனைதான் செய்ய வேண்டும்.

இனி மறுபக்கம். இலங்கையில் வயது வந்தோரிடையே இந்தத் தொற்று 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கணக்குப் போடுவோம். 10,000 பேரில் 5 பேருக்குத் தொற்று உண்டு என்றும், தொற்றில்லாத ஆயிரம் பேரில் இருவருக்குச் சோதனை தவறாக "உண்டு" என்று காட்டும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் சோதித்தால் உண்மையாக 5 பேரும் தவறாகச் சுமார் 20 பேரும் அகப்படுவார்கள். முதற்சோதனையில் "உண்டு" என்று வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கே தொற்று! கர்ப்பம், அண்மையில் போட்ட தடுப்பூசி, சில தன்னுடல் தாக்கு நோய்கள் ஆகியவையும் இப்படிக் காட்டச் செய்யலாம். அதனால்தான் வேறு முறைகளில் உறுதிப்படுத்தாமல் யாருக்கும் முடிவு சொல்லக் கூடாது. முதற்சோதனைத் தாளை ஒரு கர்ப்பிணியின் மாமியார் கையிலோ, கல்யாணத் தரகர் கையிலோ கொடுத்துவிடும் பழக்கத்தை என்னால் மன்னிக்க முடியாது. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. கடத்தப்படுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. தாய்மார் நம்பி இரத்தம் கொடுத்ததால் கிடைத்த பெயர் அது.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இரண்டு எண்கள் முக்கியம். சி.டி.4 எண்ணிக்கை உடலில் மிஞ்சியிருக்கும் பலத்தைக் காட்டுகிறது. ஒரு கனமில்லிமீற்றருக்கு 500க்கு மேல் நல்லது, 200க்குக் கீழ் ஆபத்து. வைரஸ் அளவு மருந்து வேலை செய்கிறதா என்பதைக் காட்டுகிறது. மருந்தை ஒழுங்காக எடுத்து அந்த அளவு கண்டறிய முடியாத நிலையில் தொடர்ந்து நின்றால், உடலுறவின் வழியாகத் தொற்று மற்றவருக்குப் பரவாது. பெரிய ஆய்வுகள் இதை உறுதிசெய்திருக்கின்றன. ஆனால் அதைக் குணம் என்று எண்ணி மருந்தை விட்டுவிடக் கூடாது. நிறமூர்த்தத்தில் செருகிக்கொண்ட வைரஸ், பழைய தொற்றுகளை நினைவில் வைத்து உறங்கும் நினைவுக் கலங்களுக்குள் மருந்துக்கு எட்டாமல் கிடக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானோருக்குச் சில கிழமைகளுக்குள் மீண்டு வருகிறது. பெர்லினில் சிகிச்சை பெற்ற திமோதி ரே பிரவுன் குணமானது, இரத்தப் புற்றுநோய்க்காக, சி.சி.ஆர்.5 பிடி இல்லாத ஒருவரின், குருதியை உருவாக்கும் குருத்துக்கலங்களை மாற்றியதால். உயிராபத்து நிறைந்த அந்தச் சிகிச்சையை எல்லோருக்கும் செய்ய முடியாது.

"போன கிழமை" என்று கேட்பவருக்குச் சோதனையில் விடை இல்லை. நேற்றோ முந்தநாளோ என்றால் செய்யக்கூடியது உண்டு: 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்கும் தடுப்பு மருந்து. முந்தினால் முந்தின அளவுக்குப் பலன் கூடும்.

கடைசியாக, கோயில் திருவிழாக்களிலும் பழைய மாணவர் சங்கங்களிலும் நடக்கும் இரத்ததான முகாம்களுக்குச் சிலர் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் வருகிறார்கள். பிறபொருளெதிரி தோன்றாத அந்த இடைக்காலத்தில் கொடுத்த ஒரு பை, சோதனையில் அகப்படாமல் யாரோ ஒருவரின் நாளத்தில் ஏறக்கூடும். அங்கே கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அன்று கொடுக்காமல் திரும்பிவிடுங்கள். சோதனைதான் வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு நேரே போகலாம். வைத்தியரின் கடிதம் தேவையில்லை, கட்டணமும் இல்லை.