மனவடு, உளநோய், போதை: அரச வைத்தியசாலையில் எமக்குள்ள உரித்து

யாழ்ப்பாணத்தில் உளநலக் கிளினிக்குக்கு ஒருவரை அழைத்து வரும் குடும்பத்தினர் அநேகமாக, "இவர் சரியான குடி, எப்பிடியாவது நிப்பாட்டித் தாங்கோ" என்ற ஒற்றை முறைப்பாட்டுடனேயே வருகின்றனர். எப்போது தொடங்கினார் என்று கேட்டால் ஆண்டைச் சொல்வார்கள். ஏன் இரவில் குடிக்கிறார் என்று கேட்டால்தான், லைற்றை அணைத்தால் அவருக்கு நித்திரை வராது என்பதும், கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தும் நாளில் அறையை விட்டு வெளியே வரமாட்டார் என்பதும், ஷெல் விழுந்து இறந்த தம்பியின் பெயரை வீட்டில் எவரும் எடுக்கக்கூடாது என்பதும் ஒவ்வொன்றாக வெளிவரும். கிளினிக் கொப்பியில் குடி மட்டும் எழுதப்பட்டு மற்றவை எழுதப்படாமல் போனால், சிகிச்சையும் பாதியாகவே கிடைக்கும்.

பெரும் ஆபத்தொன்றைக் கண்ட மனம், ஆபத்து நீங்கிய பின்னரும் காவலை விடாமல் விழித்திருப்பதையே மனவடு என்கிறோம். திடுக்கிடல், கெட்ட கனவு, நினைவூட்டும் இடங்களையும் பேச்சையும் தவிர்த்தல், காரணமற்ற கோபம் ஆகியன அதன் அடையாளங்கள். மதுவோ போதை மாத்திரையோ அந்தக் காவலைச் சில மணித்தியாலங்களுக்குத் தணிப்பதால், துன்பப்படுபவர் அதைத் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் மருந்தாகப் பாவிக்கத் தொடங்குகிறார். ஆனால் மது விரைவில் நித்திரையாக்கினாலும் நடுச்சாமத்தில் நித்திரையைக் குலைத்துவிடும். கனவுகள் முன்னைவிடக் கடுமையாக வரும். நாளடைவில் மனச்சோர்வும் சேரும். மறுநாள் அளவும் கூடும். எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. 'ஐஸ்' என்ற போதைப்பொருளைப் பாவிக்கும் இளைஞர் சிலருக்கு எல்லோரும் தம்மைப் பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகமும் காதில் குரல் கேட்பதும் ஏற்படுகின்றன. போதையில் நிகழும் விபத்தும் அடிதடியும் புதிய மனவடுவை உண்டாக்குகின்றன. 1995 இடப்பெயர்வையும் 2004 சுனாமியையும் 2009 வரையான யுத்தத்தையும் நேரில் கண்டவர்கள் எல்லோரும் குடிப்பதில்லை. குடிப்பவர்கள் எல்லோரிடமும் யுத்தத்தின் வடு இருப்பதுமில்லை. பரம்பரை, தொழிலின்மை, தனிமை என்பனவற்றுக்கும் இதில் பங்குண்டு. யுத்தம் முடிந்த பின் பிறந்த பிள்ளைக்கு, ஒவ்வோர் இரவும் தாய் அடிவாங்குவதைப் பார்ப்பதே வடுவாகிவிடலாம்.

இலங்கையின் இலவச சுகாதார சேவையில் உளநோயும் போதைப்பொருள் பாவனையும் மற்றைய நோய்களைப் போலவே உள்ளடங்குகின்றன. யாழ் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகளிலும் உளநலப் பிரிவுகள் இயங்குகின்றன. வைத்தியரைப் பார்ப்பதற்கோ விடுதியில் தங்குவதற்கோ வைத்தியசாலையில் வழங்கப்படும் மருந்துக்கோ கட்டணம் இல்லை. தூர இடத்திலுள்ளோரும் தீவகத்தவரும் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, அங்கிருந்து கடிதம் பெற்றுச் செல்லலாம். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மருந்து எழுதுவதில்லை. ஆனால் வைத்தியசாலைக்கு வரவே மறுப்பவருடைய குடும்பத்துக்கு அவர்களிடம் போய்ப் பேசுவது நல்ல தொடக்கம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம்.

"முதலில் குடியை விடட்டும், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்ற எண்ணம் வீடுகளில் மட்டுமன்றிச் சில சிகிச்சை இடங்களிலும் இருந்து வருகிறது. இதைத் தவறென்றே சொல்வேன். உறங்க முடியாதவரிடமிருந்து அவருடைய ஒரே உறக்க மருந்தைப் பிடுங்கிவிட்டு, வேறொன்றும் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் அவர் எத்தனை நாள் தாங்குவார்? ஆகவே பாவிக்கும் பொருள், அளவு, கடைசியாகப் பாவித்த நேரம் ஆகியவற்றோடு நித்திரை, கனவு, பயம், சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவற்றையும் முதல் நாளே வைத்தியரிடம் சொல்லுங்கள். சபையில் சொல்லக் கூச்சமாக இருந்தால், தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம்.

குடியை நிறுத்தும் விதத்திலும் மிகுந்த கவனம் தேவை. பல ஆண்டுகள் நாள்தோறும் அதிகம் குடித்தவர், உறவினரின் வற்புறுத்தலாலோ கோயிலில் செய்த சத்தியத்தாலோ திடீரென நிறுத்தினால், முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கி, இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், அநேகமாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலையும் ஏற்படலாம். இதை 'பேய் பிடித்தது' என்று எண்ணி வீட்டில் கட்டிவைத்தால் உயிரே போய்விடக்கூடும். 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே மருந்தின் துணையோடும் வைற்றமின் பி1 ஊசியோடும் நான்கைந்து நாட்களில் இந்தக் கட்டத்தைக் கடக்க முடியும். ஹெரோயினை விட்டவர் சில வாரங்களின் பின் பழைய அளவையே மீண்டும் எடுத்தால், உடம்பு அதைத் தாங்காமல் மூச்சு நின்றுவிடலாம்.

பொலிஸ் பயத்தாலும் பலர் பின்வாங்குகிறார்கள். பாவனையைப் பற்றி வைத்தியரிடம் கூறுவது முறைப்பாடாகாது. தற்கொலை முயற்சி 1998 முதல் இந்நாட்டில் குற்றமல்ல என்பதால், நஞ்சு குடித்துக் காப்பாற்றப்பட்டவரின் குடும்பம் உண்மையை மறைத்து "தவறுதலாகக் குடித்தவர்" என்று சொல்லத் தேவையில்லை. போதைப்பொருளில் தங்கியிருப்போருக்கான 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் தாமாக விரும்பிச் சிகிச்சையில் சேரவும், நீதவானின் கட்டளையின் பேரில் அனுப்பப்படவும் இடமளிக்கிறது. கட்டளை வரும்வரை காத்திராமல் தாமாகச் சேர்வதே நல்லது. வீட்டில் அடிவாங்குபவர் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அடிப்பவர் உளவளத்துணைக்குச் செல்ல வேண்டும் என்றும் நீதிமன்றம் பணிக்க முடியும். அவர் குடியை விடும்வரை மனைவி பொறுத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நேர்த்தி வைப்பதையும் நூல் கட்டுவதையும் எந்த வைத்தியரும் தடுக்கப்போவதில்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இடையில் மீண்டும் குடித்துவிட்டதற்காக வெட்கப்பட்டுத் தவணையைத் தவறவிடுவோர் பலர். தவறினால் அதே கிளினிக் கொப்பியுடன் அடுத்த கிளினிக் நாளில் போங்கள். கொப்பி தொலைந்திருந்தால், முன்பு காட்டிய மாதத்தைக் குறித்துக்கொண்டு, எடுத்த மாத்திரையின் வெற்று அட்டையையும் கொண்டுபோங்கள்.