கிளை கழித்தால் காடழிப்பா? ஏற்காட்டுக் காப்பித் தோட்டமும் ரேடார் படமும்

"தம்பி, நான் காட்டை அழிச்சிட்டேன்னு செயற்கைக்கோள் சொல்லுதாம். ஒரு மரத்தைக்கூட நான் வெட்டலையே!" நாகலூர் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் ஜூன் மாதம் போனில் இப்படிச் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. காப்பி வாங்குபவர் விளக்கம் கேட்டிருந்தார்.

நேரில் போய்ப் பார்த்தேன். சில்வர் ஓக் அத்தனையும் நின்றன, மிளகுக்கொடியும் அப்படியே இருந்தது. மழைக்கு முன்னால் நிழலைக் குறைக்கக் கிளை கழித்திருந்தார், அவ்வளவுதான்.

ஏற்காட்டில் மழைக்காலம் முழுக்க மேகம் மூடிக்கொள்வதால் சாதாரணச் செயற்கைக்கோள் படம் உதவாது. ரேடார் அலைக்கு மேகம் தடையில்லை, இரவும் தடையில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோளின் படம் இலவசமாகக் கிடைக்கும், அதன் அலைநீளம் சுமார் 5.6 செ.மீ. அது பெரும்பாலும் இலையிலும் சிறு கிளையிலும் பட்டுத் திரும்பிவிடும். கிளை கழித்தால் திரும்பி வரும் அலை மாறும், அதை மரமே போய்விட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நிசார் ரேடார் செயற்கைக்கோளில் 24 செ.மீ. அலையும் உண்டு. அது இலையைத் தாண்டிப் பெரிய கிளை, அடிமரம் வரை போகும். அடிமரம் நிற்கிறதா என்று பார்க்க எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை அதிகம்.

இன்னொன்று, நம் மலைச்சரிவு. ரேடாரைப் பார்த்த சரிவு பளிச்சென்று தெரியும், மறுபக்கம் நிழலில் மறையும். மழை நனைத்தாலும் படம் மாறும். அதனால் ஒரே படத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்லக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காப்பி அங்கே போக முடியாது. அமலாகும் தேதி தள்ளிப்போனது, இந்தத் தேதி மாறவில்லை. ஆனால் மர நிழலில் பயிர் செய்யும் தோட்டத்தை அந்தச் சட்டம் காடாகக் கணக்கிடுவதில்லை. பழைய காப்பித் தோட்டத்தில் கிளை கழிப்பவர் பயப்பட வேண்டியதில்லை. சோலைக்காட்டை வெட்டிப் புதிதாக நட்டவருக்கு இந்த விளக்கம் பொருந்தாது, அந்த வெட்டை ரேடார் சரியாகவே காட்டும்.

எல்லையையும் கவனியுங்கள். அந்தச் சட்டத்துக்காகத் தோட்டத்தின் இடத்தைக் குறிக்கும்போது, 4 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 10 ஏக்கருக்கு மேல் இருந்தால் வரைபடத்தில் ஒரு புள்ளி போதாது, முழு எல்லையும் வேண்டும். பட்டா வரைபடத்தைப் பார்த்து உத்தேசமாக வரையாமல், போனோடு வேலியோரம் நடந்தே பதியுங்கள். கோடு பக்கத்துக் காட்டுக்குள் போய்விட்டால், அங்கே யாரோ வெட்டியது உங்கள் கணக்கில் வரும்.

அந்தப் பெரியவர் இப்போது கிளை கழிப்பதற்கு முந்தின நாளும் மறுநாளும் இருப்பிடப் பதிவை ஆன் செய்து படமெடுத்து எனக்கு அனுப்புகிறார். போன வாரமும் பதினாலு படம் வந்தது.