அலசிய மீனும் நாலு டம்ளர் பாலும்

குழம்புச் சட்டியிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்து, தண்ணீரில் முக்கி அலசி, வெள்ளைச் சோற்றோடு பிசைந்து இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஊட்டுவது. ராமநாதபுரம் கடற்கரையில் பாம்பனிலிருந்து தொண்டி வரை இதைச் செய்யாத வீடு குறைவு. பிள்ளை துப்பும். துப்பாமல் என்ன செய்யும்? முண்டு மிளகாயின் காரம் தண்ணீரில் கரைவதில்லை, அது துண்டிலேயே தங்கிவிடும். அலசியதில் போனதெல்லாம் உப்பும் புளியும்தான். மிச்சம் இருப்பது எரிச்சலும் சப்பென்ற சதையும். இரண்டு நாள் இப்படி ஊட்டிவிட்டு என்னிடம் ஆலோசனைக்கு வந்து உட்கார்ந்ததும் அம்மாக்களின் முதல் பேச்சு: "மீனே பிடிக்கல மேடம். பாலாவது குடிக்கட்டும்னு விட்டுட்டேன்."

இந்தப் 'பாலாவது' கேட்டுக் கேட்டுச் சலித்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம். காலையில் எழுந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று, தூங்கப் போகும்போது ஒன்று. 200 மில்லி டம்ளர் என்றால் 800 மில்லி பால். அதிலேயே 500 கலோரிக்கு மேல். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் சீனியும் பெட்டியில் வரும் சத்துமாவும் சேர்ந்தால் 600ஐத் தாண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியதே ஏறக்குறைய 1000 கலோரி. பாதிக்கு மேல் டம்ளரில் போன பிறகு மதியம் சோற்றைப் பார்த்து அது ஏன் வாய் திறக்க வேண்டும்? நீங்கள் ஒரு தட்டுப் பிரியாணி சாப்பிட்டு எழுந்த கையோடு ஒருவர் இட்லியை நீட்டினால் வாங்குவீர்களா? பிள்ளைக்குப் பசியில்லாமல் போகவில்லை, பசியை நாம்தான் பாலால் அடைக்கிறோம். பசியில்லாத பிள்ளைக்கு 'அடம்' என்று பெயரும் வைக்கிறோம்.

கலோரியாவது கிடைக்கிறதே என்பவர்களுக்கு: அந்த வயதில் நாளொன்றுக்கு 7, 8 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். 800 மில்லி பசும்பாலில் அரை மில்லிகிராம் கூடத் தேறாது. மற்ற உணவில் வருகிற இரும்பை உறிஞ்சவிடாமல் பால் தடுக்கவும் செய்யும். வெளிறிய நாக்கு, சுவரைச் சுரண்டித் தின்பது, இரண்டு எட்டு ஓடினாலே சோர்ந்து உட்காருவது எல்லாம் இந்தப் 'பாலாவது' கொண்டுவந்து விடுகிற ரத்தசோகையின் அடையாளங்கள். மலச்சிக்கல் தனி. மலம் போகாத பிள்ளை மறுபடி சாப்பிடாது. பசி வரவில்லை என்று டானிக் எழுதித் தரச் சொல்லிக் கேட்பார்கள், பால் அளவைச் சொன்னால் முகம் சுருங்கும்.

(தாய்ப்பாலைச் சொல்லவில்லை. அது இரண்டு வயது வரை தாராளமாக இருக்கட்டும்.)

ஒரு வயதுக்கு மேல் பசும்பால் நாளொன்றுக்கு மொத்தமாக 400, மிஞ்சினால் 500 மில்லி. பாட்டிலில் வேண்டாம், டம்ளரில் கொடுங்கள். சாப்பாட்டுக்குப் பின்னால்தான், முன்னால் கூடாது. சாப்பிடும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னிருந்து பிஸ்கட்டும் கிடையாது. முதல் மூன்று நாலு நாள் அழும். அப்பத்தா மனசு தாங்காமல் அடுக்களைக்குள் போய் ஒரு டம்ளர் ஆற்றுவார். அவரிடம் முதலில் பேசிவிடுங்கள், பிள்ளையிடம் அப்புறம்.

இனி அடுப்பு. வயசுக்கு ஒரு சமையல் என்று நாலு சட்டி வைப்பது வீண் வேலை. அரிவது ஒரு தடவை, வதக்குவது ஒரு தடவை, பிரிப்பது மிளகாய்க்கு முன்னால்.

ஆறு பேருக்கு ஒரு கிலோ விளமீனோ பாறை மீனோ போதும். மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் அரை ஸ்பூன் வெந்தயம், 200 கிராம் சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, மூன்று தக்காளி, அரை ஸ்பூன் மஞ்சள்தூள், மூன்று ஸ்பூன் மல்லித்தூள். தக்காளி கரைந்ததும் ஒரு மூடித் தேங்காயின் இரண்டாம் பால் இரண்டு டம்ளர் ஊற்றிக் கொதிக்க விடுங்கள். இதில் மூன்றில் ஒரு பங்கைச் சின்னச் சட்டிக்கு மாற்றுங்கள். பெரிய சட்டியில் மூன்று ஸ்பூன் மிளகாய்த்தூள், எலுமிச்சை அளவு புளி கரைத்த தண்ணீர் ஒரு டம்ளர். பச்சை வாசனை போக 12 நிமிடம் கொதிக்க வேண்டும். அதற்குப் பிறகு மீன், 8 நிமிடம். மீனைப் போட்டுவிட்டு மிளகாய்த்தூள் சேர்த்தால் தூள் வேகும் முன்னே மீன் கரைந்துவிடும்.

சின்னச் சட்டியில் நாலு துண்டு மீன், சிறு தீயில் 8 நிமிடம். கடைசியில் முதல் பால் அரை டம்ளர், ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கொதித்தால் பால் திரியும். இறக்கிய பின் நாலைந்து சொட்டு எலுமிச்சை. கரண்டி இரண்டு வேண்டும். பெரிய சட்டிக் கரண்டியைச் சின்னச் சட்டியில் விட்டால் பிரித்து வைத்ததே வீண்.

மீன் போட்ட பிறகு கரண்டியால் கிண்டவே கூடாது. துணியால் சட்டியைப் பிடித்து உலுக்குங்கள். கிண்டினால் துண்டு உடைந்து முள் குழம்பில் மிதக்கும். பிள்ளைக்கு முதுகுப் பக்கச் சதைதான். வயிற்றுப் பக்கம் விலா முள் இருக்கும். வெளிச்சத்தில் வைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதையை நசுக்கிப் பார்த்து ஊட்டுங்கள், ஸ்பூனுக்கு முள் தெரியாது. முள் அதிகமுள்ள சூடை மீனும் முரல் மீனும் பெரியவர்களுக்கு. முள் தொல்லை இல்லையென்று பெரிய சுறாவைப் புட்டு செய்து பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் தருவதை விடுங்கள், பாதரசம் அதிகம். கிழங்கான் மீன் இருக்கும்போது அது எதற்கு?

இதே சின்னச் சட்டி தாத்தாவுக்கும்தான். மேல் பல்செட் அண்ணத்தை மூடியிருப்பதால் அவருக்கும் முள் தட்டுப்படாது, முள் எடுத்தே பரிமாறுங்கள். உப்பு ஒரு நாளைக்கு மொத்தமாக 5 கிராம், ஒரு டீஸ்பூன். ருசி மங்கி 'உப்பே இல்லை' என்பார். மிளகுத்தூளும் எலுமிச்சையும் கொடுங்கள், உப்பு ஜாடியைத் தட்டுப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மீன் நாறுது என்று மூக்கைப் பொத்தும் பன்னிரண்டு வயதுக்காரர் சொல்வது பல வீட்டில் உண்மை. செவுள், வயிற்றுக்குள் இருக்கும் கருப்புச் சவ்வு, நடுமுள்ளை ஒட்டிய ரத்தக்கட்டு மூன்றும் போகாமல் எத்தனை தடவை கழுவினாலும் நாறத்தான் செய்யும். நகத்தாலோ கத்தி நுனியாலோ சுரண்டுங்கள். அவருக்கு இரண்டு மெல்லிய துண்டை வறுத்து வையுங்கள், குழம்பைக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்கப் பத்துப் பதினைந்து தடவை ஆகும். ஒரு தடவைக்கு ஒரு சுண்டுவிரல் அளவு வைத்தால் போதும். துப்பினால் எடுத்துவிடுங்கள், நாளை மறுநாள் மறுபடி வையுங்கள். செல்போனைக் காட்டி ஊட்டுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். முள் வாய்க்குள் வந்தால்கூட அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

முள் சிக்கினால் சோற்று உருண்டை, வாழைப்பழம், தொண்டைக்குள் விரல் எதுவும் வேண்டாம். உருண்டை முள்ளை இன்னும் ஆழமாக இறக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மூச்சு திணறினாலோ எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ நேராக அவசரப் பிரிவுக்கு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும், சமையலுக்குக் கருவாடு வரும். வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு தடவை மாற்றிய பிறகே சட்டியில் போடுங்கள். அப்போதும் ரத்த அழுத்த மாத்திரை போடுபவருக்கும் பிள்ளைக்கும் அது வேண்டாம். அந்த இரண்டு மாதமும் சின்னச் சட்டியில் மீனுக்குப் பதில் முட்டையை உடைத்து ஊற்றுங்கள், மூடி போட்டு ஐந்தாறு நிமிடம், மஞ்சள் கரு கெட்டியாகும் வரை.