தண்டு அல்ல, குருத்து

போன வாரம் அண்ணா நகரில் ஒரு மருத்துவமனையில் காத்திருந்தேன். எதிர்ச்சுவரில் பெரிய எழுத்தில் ‘தண்டு செல் சிகிச்சை’. ஆங்கிலத்தின் ‘ஸ்டெம் செல்’லைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பாட்டி கேட்டார், “ஏம்பா, இது முதுகுத்தண்டுல ஊசி போடுறதா?” அவர் மேல் என்ன தப்பு? உடம்பைப் பேசும் இடத்தில் தண்டு என்றால் யாருக்கும் தண்டுவடம்தான் ஞாபகம் வரும்.

சொல்லின் கதை சின்னது. ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் ‘ஷ்டாம்செல்லெ’ என்று எழுதினார். ‘ஷ்டாம்’ என்றால் அடிமரம். அவர் சொல்லவந்ததோ வம்சமரம், அதாவது எல்லா உயிருக்கும் மூதாதையான ஒற்றை அணு (செல்லைத்தான் அணு என்கிறேன்). அப்புறம் அது கருவியலுக்குள் வந்து, ஆங்கிலத்தில் ‘ஸ்டெம் செல்’ ஆனது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறந்து, ‘ஸ்டெம்’ என்பதற்கு எதிரே முதலில் கிடந்த தண்டைப் பிடுங்கி நட்டுவிட்டார்கள். வாழைத்தண்டை நறுக்கிப் பொரியல் செய்யலாம், அதிலிருந்து புது இலை வருமா? இலை வருவது குருத்திலிருந்து. தென்னையில் வண்டு குருத்தைக் குடைந்து அழித்துவிட்டால் மரமே போச்சு என்று தோப்பு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். தாவரங்களிலேயே கூட புதிது புதிதாய் உறுப்புகளை உண்டாக்கும் இந்த வகை அணுக்கள் முக்கியமாக இருப்பது தண்டின் நடுவில் இல்லை, வளரும் நுனிகளில், அதாவது குருத்திலும் வேர்முனையிலும். கரு உண்டாகி ஐந்தாறு நாளில் உள்ளே திரளும் சில அணுக்களிலிருந்துதான் நரம்பு, தசை, இரத்தம் எல்லாம் பிரிந்து வருகின்றன. தானும் பெருகி, வேறொன்றாகவும் மாறும் அந்த நிலைக்குக் குருத்தணு என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

‘மூலச்செல்’ என்பவர்களும் உண்டு. பொருள் சரி, ஆனால் மருத்துவமனைப் பலகையில் ‘மூலம்’ என்று பார்த்தால் நோயாளி வேறு வியாதியைத்தான் நினைப்பார். குருத்தெலும்போடு குழம்பாதா என்று ஒரு நண்பர் கேட்டார். குழம்பாது, கருவில் பெரும்பாலான எலும்புகள் முதலில் குருத்தெலும்பாக இருந்துதான் எலும்பாகின்றன, அங்கேயும் குருத்து என்பது இளசு என்ற பொருளில்தான் நிற்கிறது.

இதைவிட வயிற்றெரிச்சல், தொப்புள்கொடி என்ற சொல் எல்லார் வாயிலும் இருக்கும்போது, குருத்தணு கிடைக்கும் அதன் இரத்தத்தைத் ‘தண்டு இரத்தம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தது. எழுதியவர் தன் வீட்டில் ஒரு தடவை வாசித்துக் காட்டியிருந்தாலே போதும், திருத்திவிட்டிருப்பார்கள்.

அணு என்றால் அணுகுண்டு ஞாபகம் வருகிறது என்பவர்கள் குருத்துச் செல் என்று எழுதட்டும், எனக்கு அதில் சண்டையில்லை. பாட்டியிடம் குருத்து என்று சொல்லித்தான் விளக்கினேன், உடனே புரிந்துகொண்டார்.